அன்பால் இம்சை நேருமா?

ஓர் உயிருக்குத் தீங்கு இழைக்க வேண்டும் என்னும் எண்ணம் அணுவளவும் இன்றி, அன்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒருவர் செய்யும் செயலால் அவ்வுயிர்க்குத் தீங்கு நேரின், அஃது இம்சை ஆகுமா, ஆகாதா? அறநூல் பயில்வோர் நெடுங்காலமாகக் கேட்டு வரும் வினா இது. இதற்கு எடுத்துக்காட்டாக நடக்கும் வழியில் மிதிபடும் எறும்பையும், விளக்கில் வீழும் விட்டிலையும் கூறுவது வழக்கம். நாம் ஈண்டு வேறோர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறோம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒரு நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும் நம்மால் அவருக்கு வந்து சேரக்கூடிய வைரஸ் தொற்றே அது. இச்சிகிச்சையை இக்காலத்தார் குருத்தணு மாற்று என்றும், ஸ்டெம் செல் மாற்று என்றும் கூறுவர்.

இஃது எங்கோ அயல்நாட்டில் நடக்கும் செய்தியன்று. நம் நாட்டில் இச்சிகிச்சை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-ஆம் ஆண்டிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றது. வேலூரில் இப்பணியை வளர்த்தெடுத்தவர் டாக்டர் மாம்மென் சாண்டி. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு வேலூர் தொலைவான ஊர் அன்று. சேலத்தில் இரயிலேறினால் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி; அங்கிருந்து சிறிது தூரமே. தலசீமியா என்னும் பிறவி இரத்தக் குறைபாடு, இரத்தப் புற்றுநோய், மஜ்ஜை வறண்டு இரத்தமே ஊறாது போகும் நோய் ஆகியவற்றுக்காக இப்பக்கத்துக் குடும்பங்கள் பல அவ்வழியே சென்று மீண்டிருக்கின்றன. சென்னை, கோவை நகரங்களிலும் இப்போது இச்சிகிச்சை நடைபெறுகிறது. ஆகவே, இத்தகைய நோயாளி ஒருவர் நம் தெருவிலோ உறவிலோ இருப்பது இனி அரிய செய்தியாகாது.

சிகிச்சையின் போக்கைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால்தான் மேலே கூறப்போவது விளங்கும். முதலில் கடுமையான மருந்துகளாலும், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயுற்ற பழைய மஜ்ஜையை அழித்துவிடுகின்றனர். பிறகு, உடன்பிறந்தவரிடமிருந்தோ வேறு கொடையாளியிடமிருந்தோ பெற்ற குருத்தணுக்களை நரம்பு வழியாக, இரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகின்றனர். அவை தாமே வழி தேடிச் சென்று எலும்பின் உள்ளே குடியேறிப் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. உடன்பிறந்தார் ஒருவரின் அணு முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு உண்டு. இம்முறையை 1950-களில் தொடங்கி, பல தோல்விகளுக்கிடையே விடாது முயன்று நிலைநிறுத்திய அமெரிக்க மருத்துவர் டொன்னால் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார்.

புதிய அணுக்கள் வேரூன்ற இரண்டு மூன்று வாரம் போதும். எனினும் நோயை எதிர்க்கும் ஆற்றல் முழுமையாகத் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். புதிய அணுக்கள் நோயாளியின் உடலையே அயலாக எண்ணித் தாக்காதிருக்க வேறு மருந்துகளும் தருகின்றனர். அவை எதிர்ப்பாற்றலை மேலும் அடக்குகின்றன. வகுப்பறையில் நாற்பதாண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த நமக்குத் தோன்றும் உவமை கரும்பலகைதான். குழந்தைப் பருவம் முதல் அவ்வுடல் எந்தெந்த நோயைச் சந்தித்து எதை எதைக் கற்றதோ, எந்தெந்தத் தடுப்பூசியால் எதை எதை நினைவில் வைத்ததோ, அவை பெரும்பாலும் துடைக்கப்பட்டுவிடுகின்றன. மீண்டும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது வயதுடையவராயினும் பச்சிளங்குழந்தைக்குரிய தடுப்பூசிகளை ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து முதலிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி போன்ற, உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசிகளை இரண்டாண்டுகள் நிறையுமுன் போடுவதில்லை.

இந்த வெற்றுப் பலகையின் காலத்தில்தான் வைரஸ்கள் தலைதூக்குகின்றன. அவை இருவகைப்படும். உள்ளேயே இருந்தவை ஒருவகை. வெளியிலிருந்து வருபவை மற்றொரு வகை. அறவினா இரண்டாம் வகையைப் பற்றியதேயாயினும், முதல் வகையைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவதைப் பேசினால் பழியை இடமறியாது சுமத்திவிடுவோம்.

சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. நம் நாட்டில் வளர்ந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் உடலில் அஃது இருக்கிறது. இளமையில் எப்போதோ, பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது நுழைந்து, வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடக்கும். நலமுள்ளவரை அஃது ஒன்றும் செய்வதில்லை. மஜ்ஜை மாற்றம் பெற்றவரின் உடலில் காவலர் இல்லாத வேளை பார்த்து விழித்தெழுந்து நுரையீரலையும் குடலையும் தாக்குகிறது. 1970-களிலும் 80-களிலும் இச்சிகிச்சை பெற்றோரிடையே இவ்வைரஸால் வந்த நுரையீரல் அழற்சிக்கு ஆளானோர் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. மஜ்ஜை வேரூன்றியது, புற்றுநோய் அகன்றது, ஆயினும் நோயாளி போய்விட்டார் என்னும் நிலை அக்கால மருத்துவர்களை எவ்வளவு வருத்தியிருக்கும்! கான்சிக்ளோவிர் என்னும் மருந்து வந்தபின், 1990-களின் தொடக்கத்திலிருந்து, நோய் வெளிப்படுமுன்னரே மருந்து தரும் முறை ஏற்பட்டது. அம்மருந்தும் குறையற்றதன்று, எந்த மஜ்ஜையைக் காக்கத் தருகிறார்களோ அந்த மஜ்ஜையையே அது நலிவிக்கிறது. அக்குறை இல்லாத லெட்டர்மோவிர் 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விலைதான் நம்மனோர் கைக்கு எட்டுவதாயில்லை. முதல் நூறு நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கியிருக்குமாறு கூறுவதற்கும், வாரந்தோறும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கும் இவ்வைரஸ் ஒரு முக்கிய காரணமாகும். நம் பக்கத்துக் குடும்பங்கள் வேலூர்த் தெருக்களில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய் அடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் பொங்கித் தின்று மாதக்கணக்கில் காத்திருந்த காலமெல்லாம் இந்த நூறு நாட்களின் கணக்கேயாம்.

சிறுவயதில் வந்து போன சின்னம்மையின் வைரஸும் இவ்வாறே நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து பின்னாளில் அக்கியாக வெடிக்கும். அக்கி என்றால் நம் ஊர்களில் குயவரிடம் சென்று காவிமண் குழைத்து எழுதிக்கொள்வர். அவ்வழக்கத்தை நாம் இகழவில்லை. மஜ்ஜை மாற்றம் பெற்றவருக்கு அக்கி எழும்பினால், காவி எழுதிக்கொண்டு ஆறும்வரை காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை மட்டும் அழுத்திக் கூறுகிறோம். இதற்குரிய அசைக்ளோவிர் மருந்து உருவாகக் காரணமாயிருந்த ஆய்வறிஞர் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். முனைவர் பட்டம் பெறாமலே அவ்வுயரத்தை எட்டியவர் அவர். சில காலம் பள்ளி ஆசிரியையாகவும் இருந்தவர் என்பதில் நமக்கொரு தனி மகிழ்ச்சி.

நெடுநாள் முன்னர் வந்து சேர்ந்தது ஒன்று, அறியாத இடத்தில் அடங்கிக் கிடந்து, காலமும் இடமும் வாய்த்தபோது எழுந்து பயன் தருகிறது என்று கேட்டவுடன், நம் அன்பர்களுக்கு வினைக் கோட்பாடு நினைவுக்கு வரும். சத்தையில் உள்ள வினை உதயத்துக்கு வருதல் என்று பெரியோர் கூறுவதும் இத்தகையதே. உவமை அழகியது. ஆயினும், அதை நோயாளியின் கட்டிலருகே எடுத்துச் செல்லலாகாது. "எல்லாம் முன்வினை" என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே கூறுவோரை நாம் கண்டிருக்கிறோம். வினைக் கோட்பாடு ஒவ்வொருவரும் தம் செயலைத் திருத்திக்கொள்ள ஏற்பட்டது. பிறர் துன்பத்துக்கு விளக்கம் எழுதித் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ள ஏற்பட்டதன்று. அன்றியும், உறங்கும் வைரஸ் விழித்ததற்கு எவரும் பழியேற்க வேண்டியதில்லை. சில வேளை கொடையாளியின் அணுக்களோடு சேர்ந்தே அவ்வைரஸ் நோயாளிக்குள் செல்வதும் உண்டு. உயிர் கொடுக்க வந்த தங்கையின் கொடையோடு அதுவும் வருகிறது. அத்தங்கை இம்சை செய்தாள் என்று எந்த அறநூலும் கூறாது.

இனி வெளியிலிருந்து வரும் வகை. சாதாரணச் சளிக்காய்ச்சல், இன்ஃபுளுயன்சா, குழந்தைகளிடம் மூச்சிரைப்பை உண்டாக்கும் ஆர்.எஸ்.வி., 2020 முதல் உலகமே அறிந்த கோவிட் ஆகியவை இதில் அடங்கும். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாய் வந்து, சுக்குக் கஷாயத்தோடு போவது, அவருக்குத் தொண்டையிலிருந்து நுரையீரலுக்கு இறங்கிவிடும். இவற்றுள் பலவற்றுக்கு இன்றும் உறுதியான மருந்து இல்லை. வராமல் தடுப்பதொன்றே வழி. தடுப்பது என்றால் யாரைத் தடுப்பது? நம்மைத்தான்.

நம்மிடம் தொடக்கப் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி இராசிபுரம் பக்கத்துச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மகனுக்கு இச்சிகிச்சை நடந்தது. தங்கையே கொடையாளி. நூறு நாட்களில் ஒருமுறை சைட்டோமெகலோ வைரஸ் எழுந்து, மருந்தால் அடங்கிற்று. நான்காம் மாதம் ஊர் திரும்பினர். திரும்பிய செய்தி பரவியதுமே வீட்டின் முன் செருப்புகள் குவியத் தொடங்கின. கொங்குப் பகுதியின் வழக்கம் அன்பர்கள் அறிந்ததே. நோயுற்றவரைப் பார்க்க வராதிருத்தல் உறவையே முறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையும் ஏந்தி வந்தோரை வாசலில் நிறுத்த அவள் எத்துணைப் பாடுபட்டிருப்பாள்! "வாசலை அடைக்கிறவள்னு பேரு வாங்கிட்டேன் டீச்சர்" என்று தொலைபேசியில் அழுதாள். பெரியப்பா முறையுள்ளவர் ஒருவர், "எங்களை என்ன தீண்டக்கூடாதவங்கன்னு நினைச்சுட்டீங்களா?" என்று தெருவில் நின்று கேட்டாராம். முதியவளான அத்தை ஒருத்தி மட்டும் தடையை மீறி உள்ளே போய்விட்டாள். "பாக்காம இருந்தா மனசு கேக்குமா கண்ணு?" என்று பையனின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அவளுக்கு அப்போது லேசான தடுமன் இருந்தது. ஆறாம் நாள் பையனுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறல். பன்னிரண்டு நாட்கள் ஆக்ஸிஜன் வைத்து மீட்டனர்.

அத்தையிடமிருந்துதான் வந்ததா? எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. அதே வாரத்தில் பையனின் தந்தை கூட்டுறவு வங்கிக்குப் போய் வந்தார். தங்கை பள்ளிக்குப் போய் வந்தாள். ஆதலின் அத்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் இதனைக் கூறவில்லை. விளைவை வைத்து அறத்தை அளக்கப் புகுந்தால் நாம் என்றுமே ஒரு முடிவுக்கு வர மாட்டோம் என்பதைக் காட்டவே கூறினோம்.

நம் ஆசாரியர்கள் விளைவை வைத்து அளக்கவில்லை. உமாஸ்வாமிகள் இம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது பிரமாதம் என்னும் சொல்லை அதன் தலைவாயிலில் வைத்தார். அமிர்தசந்திரர் அதை மேலும் விளக்கினார். நிலம் பார்த்து விழிப்போடு நடப்பவன் காலடியில் தற்செயலாய் ஒரு சிற்றுயிர் வந்து மாண்டாலும் அவன் இம்சை செய்தவனல்லன். விழிப்பின்றி நடப்பவன் காலடியில் ஒரு உயிரும் அகப்படாது போயினும் அவன் இம்சை செய்தவனே என்பது அவர் கருத்து. பேச்சுத் தமிழில் 'பிரமாதம்' என்றால் மிகச் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம் என்கிறோம். சொற்கள் எங்கெங்கோ சென்று சேர்வது ஒரு வேடிக்கை. அறநூலில் அதன் பொருள் அசட்டை, கவனக்குறைவு, மறதி. இதற்கு நேரான நல்ல தமிழ்ச் சொல் பொச்சாப்பு. திருக்குறளில் 54-ஆம் அதிகாரத்தின் பெயரே பொச்சாவாமை. மிகுந்த உவகையில் வரும் மறதியை வள்ளுவர் அங்கே தனியாக எடுத்துப் பேசுவது கருதத்தக்கது. பிழைத்துத் திரும்பிய பிள்ளையைக் காணும் உவகையில் நமக்கு மறந்து போவது நம் மூக்கு ஒழுகுகிறது என்பதுதான்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் தொடக்கத்தில் கேட்ட வினா வேறு வடிவம் பெறுகிறது. தீங்கு நேர்ந்ததா என்பதன்று, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டோமா, தெரிந்ததை மறவாது நடந்தோமா என்பதே வினா. கையைச் சோப்பிட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து, தும்மல் இருந்த நாட்களில் விலகி நின்று, ஆயினும் அந்தத் தந்தையிடமிருந்தே வைரஸ் சென்றிருக்குமாயின் அவர் மேல் குற்றமில்லை. தடுமனோடு சென்று முத்தமிட்டவரிடமிருந்து ஒன்றும் செல்லாமலே போயிருப்பினும் அச்செயல் பிரமாதமே. அத்தைக்கு இவையெல்லாம் தெரியாது என்று வாதிடலாம். உண்மைதான்; அறியாமை குற்றத்தைக் குறைக்கும். ஆனால் வாசலில் நின்ற தாய் அறிவித்த பின்னும் அறியாமை நீடிக்குமா? அறிவிக்கப்பட்டதை நம்ப மறுப்பது அறியாமை அன்று, வேறொன்று. அன்பு பெரிது என்ற எண்ணம் விதி நமக்கில்லை என்ற எண்ணமாக மாறும் இடம் அது.

வைரஸ்களை மருந்தால் அழிப்பது இம்சையன்றோ என்று வினவும் அன்பர்களும் உளர். வைரஸ் உயிருடையதா என்பதில் அறிவியலாரே ஒருமுகமாக இல்லை. வேறோர் உயிரணுவுள் புகாதவரை அது தானாக ஒன்றும் செய்வதில்லை. உயிரே என்று கொண்டாலும், இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது கொல்வேன் என்று துணிந்து செய்யும் சங்கல்ப இம்சை. தற்காப்பில் தவிர்க்க இயலாது நேர்வதை விரோத இம்சை என்று வேறாகவே வைத்தனர். நோயாளி மருந்து உண்பதில் நமக்கு ஐயம் இல்லை. அன்றியும், நாம் முன்கூட்டியே விலகி நின்றால் அம்மருந்துக்கே தேவை குறையும்.

விலகி நிற்பது நம் நாட்டுக்குப் புதிய ஒழுக்கமா? இல்லை. நாம் சிறுமியாயிருந்த காலத்தில் பெரியம்மை இந்நாட்டை விட்டுப் போகவில்லை. 1975-இல்தான் கடைசி நோயாளி காணப்பட்டார், 1977-இல் இந்தியா பெரியம்மையற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருக்கும். அதைக் கண்டவர் எத்துணை நெருங்கிய உறவாயினும் படியேறார். வெளியூர்ப் பயணம் போய் வந்தவர் உள்ளே நுழையார். அவ்வீட்டாரும் பிறர் வீட்டு விசேடங்களுக்குச் செல்லார். தலைக்கு நீர் ஊற்றும்வரை இந்த ஒழுங்கு நடக்கும். எவரும் அதை அவமதிப்பாகக் கொண்டதில்லை. எவரும் "எங்களைத் தீண்டக்கூடாதவங்கன்னு நினைச்சீங்களா" என்று கேட்டதில்லை. தெய்வத்தின் பேரால் செய்ததை இன்று ஒரு பிள்ளையின் பேரால் செய்ய ஏன் தயக்கம்? வேறுபாடு ஒன்றுண்டு. அன்று வீட்டுக்குள் இருந்த நோயிலிருந்து ஊரைக் காத்தோம். இங்கே ஊரில் உள்ள நோயிலிருந்து வீட்டுக்குள் இருப்பவரைக் காக்க வேண்டும். நம்மை நாமே நோய்க்குரியவராக எண்ணிப் பார்ப்பது கடினம். அகங்காரத்தைச் சிறிது அடக்கினாலன்றி அது வாராது.

மற்றோர் உதாரணம் கூறினால் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். நாமக்கல் வட்டாரத்தின் கோழிப்பண்ணைத் தொழில் பற்றி நம் கருத்து என்ன என்பது வாசகர் ஊகிக்கத்தக்கதே. அதனை விடுத்து ஒன்றை மட்டும் காண்போம். அப்பண்ணைகளின் வாயிலில் கிருமிநாசினி நீர் தேங்கிய தொட்டி இருக்கும். லாரியின் சக்கரம் அதில் நனைந்தே உள்ளே போக வேண்டும். பண்ணையாளின் காலும் நனைய வேண்டும். வேறொரு பண்ணைக்குப் போய் வந்தவரை அன்று உள்ளே விடமாட்டார்கள், முதலாளியின் மைத்துனராயினும். வெள்ளைக் கழிச்சல் என்னும் வைரஸ் நோய் ஒரு கொட்டகையை எத்தனை நாளில் காலி செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாசலில் தடுக்கப்பட்டதற்காக அங்கே எவரும் சினப்பதில்லை. பொருள் நட்டம் கற்பித்த விழிப்பு அது. பொருளுக்காக வரும் விழிப்பு, உயிருக்காக வரவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். வடநாட்டிலிருந்து வந்து சேலத்தில் வணிகம் செய்யும் நம் சகோதரர்களுள் ஸ்தானகவாசி, தேராபந்தி நெறியினரின் துறவியர் வாயை வெண்துணியால் மறைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். தம் மூச்சின் வெம்மையால் காற்றில் உள்ள நுண்ணுயிர்கள் வருந்தலாகாது என்பதே அதன் நோக்கம். தம்மைக் காக்க அணிந்ததன்று. 2020-இல் உலகோர் முகக்கவசம் அணிந்தபோது பெரும்பாலோர் தம்மைக் காத்துக்கொள்ளவே அணிந்தனர். அச்சம் நீங்கியதும் கழற்றி எறிந்தனர். நோயாளியின் அறைக்குள் அணிவது அத்துறவியர் அணிவதன் கருத்தோடு ஒத்தது.

சில வேளை, நன்மை என்று ஊரே ஒப்புக்கொண்ட செயலும் இவ்வொருவருக்குத் தீங்காகக் கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாய்வழி தரும் போலியோ சொட்டு மருந்தில் வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. குழந்தையின் மலத்தில் அது சில வாரம் வெளிப்படும். இத்தகைய நோயாளி வாழும் வீட்டில் சிறு குழந்தை இருப்பின் ஊசி வடிவத் தடுப்பு மருந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பர். இதைப் படித்துவிட்டுச் சொட்டு மருந்தே வேண்டாமென எவரும் முடிவு செய்துவிடலாகாது. நம் நாட்டிலிருந்து இளம்பிள்ளைவாதத்தை விரட்டியது அதுவே. தம் மருத்துவரைக் கேட்டறிக என்பதே நம் வேண்டுகோள். வீட்டிலுள்ள மற்றவர்கள் ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது, நோயாளியைச் சுற்றி ஒரு வேலி கட்டுவதற்கு ஒப்பாகும்.

விலகி நிற்கச் சொன்னோம் என்பதற்காக மறந்துவிடச் சொல்லவில்லை. மறதியும் பொச்சாப்பே. விலகி நிற்பவர் செய்யக்கூடியவை பல. இந்நோயாளிகளுக்குப் பல வாரங்கள் இரத்தமும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டியிருக்கும். முன்பின் அறியாத ஒருவருக்காக நலமுள்ள இளைஞர்கள் குருதி தரலாம். அக்குருதியைச் சிறப்பு வடிகட்டியில் செலுத்தி வெள்ளையணுக்களை நீக்கிவிடுகின்றனர், சைட்டோமெகலோ வைரஸ் வெள்ளையணுக்களுள் ஒளிந்திருப்பதால். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் வழக்கமுள்ள நம்மவர்க்கு இது விளங்காத செய்தியா என்ன? வேலூரில் அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு ஒரு மாத வாடகையைக் கட்டலாம். அவர்கள் வீட்டுத் திண்ணையில் புதிதாய்ப் பறித்த காயை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் வரலாம். காய் கழுவப்பட்டு வெந்தே உண்ணப்படும். பச்சையாய்த் தின்னும் பழமும் கோயில் தீர்த்தமும் பெரும்பாலும் அப்போது ஆகா என்பதால் அவற்றை வற்புறுத்தாதீர்.

தாயோ தந்தையோ ஒருவரே துணையாயிருந்து அவருக்கே சளி பிடித்தால் என்ன செய்வது என்ற வினாவுக்கு நம்மிடம் எளிய விடை இல்லை. விலகி நிற்க அவர்க்கு வழியில்லை. முகக்கவசமும் கைகழுவுதலும் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்துக்கொண்டு அவர் செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும். அத்தகைய நாட்களில் முறை மாற்றிக்கொள்ள, நலமாயிருக்கும் உறவினர் ஒருவரை முன்னரே பழக்கி வைப்பது நன்று. வந்து பார்த்துவிட்டுப் போகும் இருபது பேரைவிட, கற்றுக்கொண்டு தங்கும் ஒருவர் அக்குடும்பத்துக்கு வேண்டியவர்.

நம் மாணவியின் வீட்டில் அந்த ஒருவராய் வந்தவர் அவளுடைய தாயார். பையன் அவரை அம்மாயி என்று அழைப்பான். தம் ஊரில் நோம்பி, கலியாணம் எதற்கும் போகாது ஐந்து மாதம் அங்கேயே இருந்தார். பள்ளிக்குப் போக இயலாத பையனுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நாம் தொலைபேசியில் தமிழ் நடத்துகிறோம். வல்லினம் மிகும் இடத்தில் இன்னும் தடுமாறுகிறான், கணக்கில் கெட்டிக்காரன். மற்றத் தடுப்பூசிகள் தொடங்கிவிட்டன. தட்டம்மை ஊசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.